கட்டைப்பையும் நாற்காலியும் போதும்

ஜிம்முக்குப் பணம் கட்டுவது சுலபம்; போவதுதான் பெரும்பாடு. இதை இரண்டு பொருளியல் பேராசிரியர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் இருவரும் அமெரிக்காவின் மூன்று ஜிம்களில் 7,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவைப் புரட்டி, 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள், சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் எட்டிப் பார்த்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல். பத்து முறைக்கான பாஸ் எடுத்துப் போயிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும்.

இந்தியாவில் 2025 செப்டம்பரில் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் போகாத நாளுக்கு எந்த வரிக்குறைப்பும் ஈடாகாது.

வீட்டிலேயே செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஜிம்மில் தானாக நடக்கும் இரண்டு காரியங்களை மட்டும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, பளு மெல்ல மெல்லக் கூட வேண்டும். இரண்டு, நேரம் தப்பக் கூடாது.

வாக்கிங் மட்டும் போதாது

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது. முதல் பாதியை நம்மில் பலர் வாக்கிங்கில் முடித்துவிடுகிறோம். இரண்டாம் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை.

‘வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?’ என்று கேட்கும் பெண்கள் உண்டு. பெருக்குவதும் துவைப்பதும் உடலுழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் பத்து வருடமாக அதே வாளியைத்தான் தூக்குகிறோம். உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பழகிய பளுவால் புதிதாக வலு ஏறாது.

தண்டாலில் ஒரு கணக்கு

கையில் டம்பெல் இல்லாமல் பளுவைக் கூட்டுவது எப்படி? தண்டாலையே எடுத்துக்கொள்வோம். தரையில் முறையாகத் தண்டால் எடுக்கும்போது நம் உடல் எடையில் சுமார் 64 சதவீதத்தைக் கைகள் தாங்குகின்றன. முழங்காலை ஊன்றி எடுத்தால் அது 49 சதவீதம். இரண்டடி உயர மேடையில் கையை ஊன்றினால் 41. காலை அதே உயரத்தில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றினால் 74.

70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 29 கிலோவிலிருந்து 52 கிலோ வரை ஏறும் பளு. ஒரு பைசா செலவில்லை. முதலில் சுவரில் கையை ஊன்றித் தொடங்குங்கள். அது சுலபமானதும் சமையல் மேடை, பிறகு கட்டில், அதன் பிறகு தரை. ஒரு படியில் பதினைந்து தடவை சிரமமில்லாமல் முடிந்தால் அடுத்த படிக்கு இறங்கலாம்.

முதுகுக்குக் கட்டைப்பை

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் முதுகு. தண்டால் தள்ளும் வேலை. பஸ்கி காலுக்கான வேலை. இழுக்கும் வேலைக்கு வீட்டில் கருவி இல்லை என்று அதை விட்டுவிடுகிறோம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்காருபவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை.

துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். ஒரு பாட்டில், ஒரு கிலோ. இடது கையையும் இடது முழங்காலையும் கட்டிலில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, வலது கையால் பையை இடுப்புவரை இழுங்கள். முழங்கை விலாவை ஒட்டிப் பின்னால் போக வேண்டும். பிறகு மறு பக்கம். நான்கு பாட்டிலில் தொடங்கி, வாரம் ஒன்று கூட்டலாம். கைப்பிடித் தையல் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிப் பளு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி.

படிக்கட்டைச் சும்மா விடலாமா?

லண்டன் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர்கள் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கினார்கள், நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1953இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடற்பயிற்சி ஆராய்ச்சிக்கே அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அது ஒன்று. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்பது, கையில் இருக்கும் கருவியைத் தொடாமல் இருப்பதுதான். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் ஏறுவதோடு நிறுத்திக்கொண்டு, இறங்க லிஃப்ட்டைப் பிடிக்கலாம்.

மோட்டார் ஓடும் நேரம்

பளுவுக்கு வழி கிடைத்துவிட்டது. நேரம்? குக்கர் விசில், காலிங் பெல், கேஸ் சிலிண்டர்காரர் என்று வீட்டில் இடைஞ்சலுக்குக் குறைவில்லை. ‘காலையில் செய்கிறேன்’ என்பது நேரமே இல்லை. எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையோடு பயிற்சியைக் கோத்துவிட வேண்டும். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் தொட்டி நிரம்பும்வரை வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும். அந்த நேரம் தண்டாலுக்கு. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அன்றைய எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஜிம் பயிற்சியாளர் செய்யும் வேலையில் பாதி அதுதான்.

ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவருக்கும், கனமான பளு தூக்க விரும்புகிறவருக்கும் ஜிம் வேண்டும். நாலு பேரோடு சேர்ந்தால்தான் உற்சாகம் வரும் என்பவரும் போகட்டும். ஆனால் தசைப் பயிற்சி மிகவும் தேவைப்படும் அறுபது வயதுக்காரர்களை ஜிம்மில் அதிகம் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்கு வீடுதான் வாகான இடம்.

இன்றே அப்பாவையோ அம்மாவையோ கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள். நாற்காலி நகராமல் சுவரை ஒட்டிப் போடுங்கள்; பக்கத்திலேயே நில்லுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் உள்ள ஆண் என்றால் 14, பெண் என்றால் 12. அதற்குக் கீழே போனால் கால் வலு குறைந்திருக்கிறது, விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். மருந்தும் அதே நாற்காலிதான்: ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் முடிந்தமட்டும் எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.