உடற்பயிற்சிக்குப் பின் மனம் ஏன் இலேசாகிறது?

ஓட்டத்துக்கோ விரைவு நடைக்கோ பின் மனத்தில் பரவும் தெளிவுக்கு, உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்பின்தான் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், இரத்தத்திலுள்ள வேண்டாப் பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பை அந்தப் பெரிய மூலக்கூறு எளிதில் கடப்பதில்லை. 1992-இல் எருசலேமில் ரஃபேல் மெஷூலமின் ஆய்வுக்குழு கண்டறிந்த ஆனந்தமைடு என்ற கொழுப்புவகைப் பொருளோ அத்தடுப்பைக் கடக்கவல்லது என்பதாலும், மிதமான பயிற்சியில் இரத்தத்தில் அதன் அளவு உயர்வதாலும், எண்டார்பினின் செயலை மருந்தால் தடுத்தபோதும் ஓடியவர்களின் மகிழ்வுணர்வு மறையவில்லை என்பதாலும், ஆய்வாளர் பார்வை இன்று அதன்பக்கம் திரும்பியுள்ளது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகமே மிதமானது. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் இதனை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்நேரத்தை உறக்கத்திலிருந்து வெட்டியெடுப்பது தவறு. ஏனெனில் தூக்கம் குறைந்தால், அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி மிகையாகக் கிளர்ந்து, சிறு எரிச்சலையும் பெரிதாக்கிவிடுகிறது.