ஏசியில் கேஸ் தீருமா?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் களிமண் தூசி புதுசில்லை. அதனால் ஏசி குளிரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது வெளி யூனிட்டைத்தான். அதன் தகடுகளில் தூசி அடைத்துக்கொண்டால் அறைச் சூடு வெளியேற வழியில்லை. கரண்டை நிறுத்திவிட்டு மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பல சமயம் சரியாகிவிடும்.

மெக்கானிக்கோ, "கேஸ் தீந்துடுச்சு சார்" என்பார். தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லீங்க. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்பினால் காசும் காற்றோடு போகும்.

பழைய ஏசியில் ஆர்-22 இருக்கும். ஓசோனைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒழிக்கப்பட்டு வருவது. அதில் ஆர்-32ஐ நிரப்பித் தரேன்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், தீப்பற்றவும் கூடும். கம்ப்ரசரே போய்விட்டால் மொத்தமாக மாற்றிவிடலாம்.