குடலுக்குள் ஒரு கூட்டணி

கடுமையான காலரா கண்டவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட வெளியேறலாம். உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றிவிடும். ஆனால் பேதியை நிறுத்தாது. "குடித்தும் நிற்கவில்லையே" என்று கரைசலையே கைவிடுபவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான்.

இதற்குத் தீர்வு தேடிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குடல்நோய் நிபுணர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரது குழுவினரும் நாடிய கூட்டாளிகள் விசித்திரமானவை: பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள்.

சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை, லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைசலில் கலந்தார்கள். செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. குடல் இவற்றை உறிஞ்சும்போது உப்பும் நீரும் கூடவே உடலுக்குத் திரும்புகின்றன.

காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடந்த சோதனை, 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நீடித்தது சராசரியாக 91 மணி நேரம். இந்த மாவு சேர்ந்த கரைசலைக் குடித்தவர்களுக்கு 57.

ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காகப் பேதி கண்டவருக்குச் சோறு மருந்தாகிவிடாது, முதலில் கரைசல்தான். ஆனால் கிருமி என்றாலே பகை என்ற கணக்கை மட்டும் வேலூர் மாற்றி எழுதிவிட்டது.