பட்டியலைச் சலித்தெடுக்கும் ரெஜெக்ஸ்

நீண்ட சொற்பட்டியல் ஒன்றிலிருந்து குறிப்பிட்ட அமைப்புடைய சொற்களை மட்டும் பிரித்தெடுக்க, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கணினி வல்லுநர்கள் கையாண்டு வரும் கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ் ஆகும். தேடும் சொல்லையே தராமல், அது எப்படித் தொடங்கி எப்படி முடிய வேண்டும் என்னும் வடிவத்தைச் சில குறியீடுகளால் எழுதித் தருவதே இதன் அடிப்படை. கணித அறிஞர் ஸ்டீவன் கிளீனி 1950களில் நரம்புவலைகள் பற்றிய ஆய்வில் வகுத்த இக்கோட்பாட்டை, 1968இல் கென் தாம்சன் உரைக்குள் தேடும் நிரல்முறையாக ஆக்கினார். யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென அவர் எழுதிய கிரெப் என்னும் நிரல், வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் காட்டியது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் அப்பெயரிலேயே ஒரு செயற்கூறு உண்டு. அது பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பொருந்துவனவற்றைக் கொண்டு புதிய பட்டியல் ஒன்றைத் தருகிறது.

கம்பம், காகம், கிராமம், கடல், மரம் என்னும் பட்டியலை ^க.*ம்$ என்னும் வடிவத்தால் சலிப்பதாகக் கொள்ளலாம். இதில் ^ என்பது தொடக்கத்தையும், $ என்பது முடிவையும், முற்றுப்புள்ளி ஏதேனும் ஒரு குறியையும், உடுக்குறி அது எத்தனை முறையும் வரலாம் என்பதையும் குறிக்கின்றன. கடல் முடிவிலும் மரம் தொடக்கத்திலும் பொருந்தாமல் விலக, எஞ்சிய மூன்றும் தேறுகின்றன.

'க' என்ற எழுத்தில் தொடங்குவனவற்றை மட்டும் நாடியவருக்குக் காகமும் கிராமமும் வேண்டாதவை. எனினும் யூனிகோடு முறையில் 'கா' என்பது 'க' என்னும் குறியும் கால் என்னும் குறியுமாக இரண்டாகச் சேமிக்கப்படுவதால், வடிவம் முதற்குறியைக் கண்டதும் அதனை ஏற்றுக்கொள்கிறது. 'க'வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரலாகாது என்னும் நிபந்தனையையும் சேர்த்து, ^க(?![ா-்]).*ம்$ என எழுதினால் கம்பம் மட்டுமே தேறும். பைத்தான் மொழியில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது: அதன் இயல்பான ரெஜெக்ஸ் தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே கருதாததால், சொற்களைப் பிரிக்கச் சொன்னால் 'தமிழ்' என்பதையே 'தம', 'ழ' என இரண்டாக உடைத்துவிடுகிறது. பெர்லோ, உரை யூனிகோடு என அறிவிக்கப்பட்டிருந்தால், அதை முழுச்சொல்லாகவே கொள்ளும். 'கொ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்க முடியும் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களில் ஒன்று பொருந்தி மற்றது நழுவுவதும் உண்டு.

ஆகவே தமிழ்ப் பட்டியல்களைச் சலிக்க முற்படுவோர், முதலில் உரை முழுவதையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, பின்னர் குறிலும் நெடிலும் புள்ளியெழுத்தும் கலந்த சிறு பட்டியல் ஒன்றில் தம் வடிவத்தைச் சோதித்த பின்னரே பெரிய பட்டியலில் இயக்க வேண்டும்.