எலி மருந்துத் தூளில் ஈரம் படலாகாது

நெல் பொதி கட்டும் சமயத்தில் வரப்புகளில் எலித் தொல்லை மிகுந்துவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து விவசாயிகள் அப்போது துத்தநாக பாஸ்பைடு என்னும் கருஞ்சாம்பல் நிறத் தூளை வாங்கி உபயோகிப்பது உண்டு. மீந்ததைக் காகிதத்தில் மடித்து வீட்டுப் பரணில் செருகி வைப்பதுதான் தவறு.

எலியின் வயிற்றிலுள்ள அமிலம் பட்டதும் இத்தூளிலிருந்து பாஸ்பின் என்னும் நச்சுக் காற்று உண்டாகிறது. எலி சாவது இதனால்தான். ஈரம் பட்டாலும் அதே காற்று மெல்ல வெளிப்படும். சாதாரணக் காற்றைவிடக் கனமானதாகையால் மூடிய அறையில் தரையோரமாகத் தங்கக்கூடும். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வீசலாம். வாடை இல்லாததால் பயமில்லை என்று எண்ணக் கூடாது. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைத்த வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் இறந்தன. எந்த எலி மருந்தானாலும் படுக்கும் அறையில் அதற்கு இடமில்லை. தொழிற்சாலைத் தொழிலாளருக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அந்த அறைகளை ஒட்டிய சாமான் அறையிலும் வைக்கலாகாது. பம்புசெட் அறை வசதியாகத் தோன்றும். ஆனால் அங்கே ஈரம் அதிகம். வீட்டுக்கு எட்ட, ஒழுகாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில், வாங்கிய டப்பாவிலேயே இறுக மூடி, பலகைமேல் பெட்டியில் வைத்துப் பூட்டவும். உரம், தீவனம், விதை நெல் எதுவும் அருகில் வேண்டாம்.

இதைவிட நல்லது, மீதமில்லாமல் வாங்குவது. நொய் 960 கிராம், சமையல் எண்ணெய் 20 கிராம், தூள் 20 கிராம் கலந்தால் ஒரு கிலோ விஷ இரை. வளை ஒன்றுக்கு 10 கிராம் வீதம் நூறு வளைகளுக்கு வரும். முதலில் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரை வைத்துப் பழக்கவும். தப்பிய எலிகள் இம்மருந்தை மறுபடி சீக்கிரத்தில் தொடாது. அப்படியிருக்கக் கூடுதலாக வாங்கி வைப்பதில் என்ன லாபம்? வெட்டவெளியில், கையுறை அணிந்து, குச்சியால் கலக்கவும்.

தூள் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. சுத்தம் என்று நினைத்து வாளியைத் தூக்குபவர்கள்தான் அதிகம். குழந்தைகளை வெளியே அனுப்பி, கதவு சன்னல்களைத் திறந்து, உலர்ந்த மணலைத் தூவி அள்ளி, கிணற்றுக்கும் குட்டைக்கும் தொலைவில் ஆழப் புதைக்கவும். தூள் இருக்கும் இடத்தில் தீப்பிடித்தாலும் மணல்தான்.

யாரேனும் உட்கொண்டாலோ சுவாசித்தாலோ வாந்தி வரவழைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும். வாந்தியிலிருந்தும் நச்சுக் காற்று வருமாதலால் வண்டியின் சன்னல்கள் திறந்திருக்கட்டும்.