பூட்டிய ஆபீசில் பேசும் போன்

பொள்ளாச்சியில் ஒரு தென்னைநார் ஏற்றுமதி ஆபீஸ். மேசைக்கு ஒரு போன். மூலையில், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில், தூசி படிந்த ஒரு சிபியு. அதில் ஓடும் ஆஸ்டரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருள்தான் அவர்களுடைய எக்சேஞ்ச். மாட்டிக் கொடுத்தவர் போய்ப் பல வருஷமாகிறது. உள் எண் 201க்கு பாஸ்வேர்டும் 201.

லாகைத் திறந்து பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ 100, 101, 102 என்று வரிசையாக ஒவ்வொரு உள் எண்ணையும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். வந்தவர் விட்டுப் போன பெயர் ‘ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்’.

அது சிப்விஷியஸ் என்ற கருவியின் முத்திரை. இணையவழி எக்சேஞ்சுகளைத் தணிக்கை செய்ய சாண்ட்ரோ கௌச்சி 2007இல் வெளியிட்டது. திருடர்களும் அதையேதான் எடுத்து வருகிறார்கள். பாஸ்வேர்டு சிக்கினால் உங்கள் லைனிலிருந்து வெளிநாட்டு அதிகக் கட்டண எண்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி தொடங்கிப் பேச்சு ஓடும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு எண்ணை வாடகைக்கு எடுத்தவனுக்குப் போகும். திங்கள் காலை ஷட்டரைத் தூக்கும்போது பில் ஏறியிருக்கும். 2020இல் செக் பாயின்ட் நிறுவனம் வெளிக்கொண்டுவந்த ஒரே கும்பல், ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற எக்சேஞ்ச் மென்பொருளின் ஓட்டையைப் பிடித்து உலகெங்கும் ஏறத்தாழ 1,200 நிறுவனங்களைக் குறிவைத்திருந்தது.

“நாங்க வெளிநாட்டுப் பார்ட்டிகிட்ட வாட்ஸ்அப்லதானுங்க பேசறோம், ஐஎஸ்டி எதுக்குங்க?” என்றார் உரிமையாளர். யாருக்கும் வேண்டாத ஐஎஸ்டி திறந்தே கிடந்தது. அதை மூடச் சொல்லி முதலில் தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

பிறகு தணிக்கை. தனியாக ஒரு லினக்ஸ் சர்வரில் பைத்தானும் சிப்விஷியஸும் நிறுவ ஒன்றிரண்டு கட்டளை போதும். எஸ்வி மேப் எக்சேஞ்சைக் கண்டுபிடிக்கும், எஸ்வி வார் உள் எண்களைத் தேடிப் பட்டியலிடும், எஸ்வி கிராக் பாஸ்வேர்டின் பலத்தைச் சோதிக்கும். 201 நொடியில் விழுந்துவிடும். நீளமான பாஸ்வேர்டு வைத்து, பாஸ்வேர்டு இல்லாமல் வரும் விருந்தாளி அழைப்பை அடைத்து, தவறாகத் தட்டுகிற முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேனையும் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். எக்சேஞ்சின் வாசலான 5060ஆம் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தணிக்கைக்கு வருகிறவர் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். பக்கத்து மில்லின் எக்சேஞ்சை ஒரு தரம் தட்டிப் பார்ப்பதும் தவறுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது, எண்ணத்தைக் கேட்பதில்லை. கெட்ட எண்ணமும் சேர்ந்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை.

பறிகொடுத்தவருக்கும் அதே 43தான் கைகொடுக்கிறது. கணினி அமைப்பில் கைவைத்து, தான் வாங்கிய சேவையின் கட்டணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவதை அதன் (எச்) உட்பிரிவு நேராகவே சொல்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர், தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். இது ஏட்டோடு நின்ற சட்டமில்லை. 2010 ஏப்ரலில், இணைய மோசடியில் பணம் இழந்த தூத்துக்குடி வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் தரச் சொல்லி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டது சென்னையில் இருந்த அந்த அதிகாரிதான்.

மோசடி தெரிந்ததும் லைனை நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், கோவை மாவட்ட சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுங்கள். நிறுவனமாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாகை வைத்திருக்க வேண்டும் என்பதும் 2022 முதல் அதன் உத்தரவு.

அந்த லாகில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதற்றத்தில் ஆளைக் கூப்பிட்டு, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடித்துப் புதிதாக எக்சேஞ்ச் போடுகிறார்கள். போலீஸ் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி, தேதி எழுதி, உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். புது எக்சேஞ்சைப் புது டிஸ்க்கில் ஏற்றச் சொல்லுங்கள்.