போ தோட்டம் போட்ட கூட்டாளிகள்
கேமரன் மலையின் ‘போ’ தேயிலையை அறியாத வீடு நம் நாட்டில் குறைவு. 1929-இல் அதைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல். சிறுவயதிலேயே மலாயா வந்து பல தொழில் கண்டவர். கூட்டாளி ஏ. பி. மில்ன், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழுத்த அனுபவசாலி. ஒரு ரோட் ரோலர், சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்களின் கைகள். இவற்றைக் கொண்டே காட்டுச் சரிவு தோட்டமானது.

நான்கே ஆண்டுகளில், 1933-இல், ரஸ்ஸல் மறைந்தார். தோட்டம் நிற்கவில்லை, இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது.

முதலாளியின் பெயரை நிறுவனம் காத்து வைத்திருக்கிறது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழர்களின் பெயர்களை யார் காப்பது? உங்கள் தாத்தா, பாட்டி தோட்டத்தில் உழைத்தவர்களா? எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயத்தில் குடியிருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.